பெங்களூரில் தமிழ் எழுதிப் பிழைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் லிங்கராஜபுரத்தில் குடியிருக்கிறேன். 11 வருடமாக எழுத்துதான் எனக்குச் சோறு போடுகிறது. மொழிபெயர்ப்பு, நிறுவனங்களுக்கான தமிழ் வாசகங்கள், பயிற்சி வீடியோக்களுக்கு வசனம், குழந்தைகளுக்கான கதைகள் என்று கலந்த வேலை. அதற்கு முன் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 6 வருடம் பயனர் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். அல்சூர் பக்கம் தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம், "வேலையை விட்டுட்டு எழுத வந்துடலாமா அக்கா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். நின்றுகொண்டே சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழில் எழுதி பெங்களூரில் வாடகை கொடுக்க முடியுமா?

முடியும். ஆனால் கதை, கவிதை, கட்டுரை மட்டும் எழுதி முடியாது. சிறுபத்திரிகைகள் பெரும்பாலும் பணம் தருவதில்லை, அவர்களிடமும் பணம் இல்லை. வாடகை கொடுப்பது வேறு எழுத்து, அதற்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. கைப்பேசிச் செயலி, வங்கி, இணையக் கடை, ஆன்லைனில் பாடம் நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் தமிழ் தேவைப்படுகிறது. 'உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது' என்று உங்கள் போனில் வருகிற வரியையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்.

கதை பக்கத்திலும் இந்த ஊருக்கு இடம் உண்டு. யாரும் கதை எழுதிப் போடக்கூடிய பிரதிலிபி தளம் 2014இல் இங்கே தொடங்கியதுதான். குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் பிரதம் புக்ஸும் இங்கேதான் இருக்கிறது. அதன் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரும் மொழிபெயர்த்துப் போடலாம். அதில் பணம் வராது, ஆனால் 'நான் செய்த வேலை இது' என்று காட்டுவதற்கு ஆரம்பத்தில் நல்ல இடம். நான் அப்படித்தான் நான்கு கதைகள் செய்து காட்டினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்கள் பலருக்குக் கன்னடம் எழுதப் படிக்க வரும். அது தொழிலுக்கு உதவும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஆட்கள் நிறையப் பேர். கன்னடத்திலிருந்து நேரடியாகத் தமிழுக்கு எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்பு நூல்கள் போடும் சாகித்திய அகாதெமிக்குப் பெங்களூரில் மண்டல அலுவலகம் இருக்கிறது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் பக்கத்திலேயே மைசூரில் இருக்கிறது. உங்களுக்குக் கன்னடம் தெரிந்தால் அதை உங்கள் விவரக்குறிப்பில் முதல் வரியாக எழுதுங்கள்.

சொல்லுக்கு எவ்வளவு கேட்பது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நானும் முதல் வருடம் இதையேதான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லுக்கு 60 பைசா என்று ஒருவர் சொன்னார், ஒத்துக்கொண்டேன். ஆயிரம் சொல்லுக்கு 600 ரூபாய். ஒரு நாளைக்கு மூவாயிரம் சொல் செய்துவிட்டால் போதும் என்று மனக்கணக்குப் போட்டேன். அப்படி ஒரு நாள்கூட நடக்கவில்லை. மூலத்தைப் படிக்க வேண்டும், கலைச்சொல் தேட வேண்டும், எழுத வேண்டும், ஆறவிட்டுத் திருத்த வேண்டும். அனுப்பிய பிறகு அவர்கள் 'இந்தச் சொல் கடினமாக இருக்கிறது' என்று திருப்பி அனுப்புவார்கள், மறுபடி செய்ய வேண்டும். எல்லாம் சேர்த்து ஆயிரம் சொல்லுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. மணிக்கு 120 ரூபாய்.

அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் மணிக்கு எவ்வளவு வந்தது என்று பார்க்கத் தொடங்கினேன். கணக்கு தலைகீழாக மாறிவிட்டது. மருந்து ஆய்வில் பங்கேற்பவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் ஒன்று: சொல்லுக்கு 2 ரூபாய், 1,200 சொல், 2,400 ரூபாய். பெரிய வேலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒவ்வொரு வரியையும் நோயாளிக்குப் புரியும்படியும் மருத்துவர் ஏற்கும்படியும் எழுத 11 மணி நேரம் போனது. மணிக்கு 218 ரூபாய். அதே மாதம் சமையல் எண்ணெய் விளம்பரத்துக்கு ஆறு வரி எழுதிக்கொடுத்தேன். மொத்தமாக 3,000 ரூபாய், மூன்று தடவை திருத்தியும் நான்கு மணி நேரம்தான். மணிக்கு 750.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை இப்படிப் பாருங்கள். வாடகை, சாப்பாடு, பள்ளிக் கட்டணம் எல்லாம் 45,000 என்று வைத்துக்கொள்வோம். வரி, காப்பீடு, சேமிப்புக்கு 15,000. மாதம் 60,000 வேண்டும். மாதத்தில் 22 நாள் வேலை. எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் காசாகிற நேரம் நான்கு மணிதான், மற்றது மின்னஞ்சல், பில், வேலை தேடுவது. ஆக 88 மணி நேரம், மணிக்குக் கிட்டத்தட்ட 680 ரூபாய். இனி எந்த வேலை வந்தாலும் அது எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று யோசித்து, 680ஆல் பெருக்கி, அதைச் சொல் கணக்காகவோ மொத்தத் தொகையாகவோ மாற்றிச் சொல்லுங்கள். முதல் வருடம் அந்தத் தொகை கிடைக்காது. எனக்கும் கிடைக்கவில்லை. ஆனால் எவ்வளவு குறைவாக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவோம்.

சொல் கணக்குத்தான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், ஆங்கில மூலத்தின் சொற்களை எண்ணச் சொல்லுங்கள். தமிழில் வேற்றுமையும் காலமும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'இன் தி ஹவுஸஸ்' மூன்று சொல், தமிழில் 'வீடுகளில்' ஒரே சொல். தமிழை எண்ணிக் காசு வாங்கினால் உழைப்பில் ஒரு பங்கு கணக்கில் வராமலே போய்விடும்.

இந்த மணிக் கணக்கை எதில் எழுதி வைக்கிறீர்கள்?

செயலிகள் நிறைய இருக்கின்றன. நான் ஒரு நீள நோட்டில் எழுதுகிறேன். வேலையின் பெயர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், அவ்வளவுதான். போன் வந்து பேசினால் அதையும் எழுதுவேன். சனிக்கிழமை கூட்டிப் பார்க்க இருபது நிமிடம் ஆகும்.

வீட்டிலிருந்து வேலை செய்வதால் எல்லோரும் "சும்மாதானே இருக்கே" என்று நினைக்கிறார்கள். என்ன செய்வது?

பெண்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். இதற்குச் சுருக்கமான பதில் கிடையாது, எனக்கே சரிசெய்யப் பல வருடம் ஆனது.

அலுவலகம் போய்க்கொண்டிருந்தபோது யாரும் என்னிடம் கேஸ் சிலிண்டர் வாங்கி வைக்கச் சொன்னதில்லை. வீட்டில் உட்கார்ந்ததும் சிலிண்டர், பிளம்பர், மாடிவீட்டுக் கொரியர், நாத்தனார் மகளை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வருவது எல்லாம் என் தலையில் வந்து சேர்ந்தன. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. கணினி முன்னால் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வேலைதான் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. நானும் சொல்லவில்லை. மறுத்தால் மரியாதைக் குறைவு என்று பேசாமல் செய்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு மேல் எழுத உட்கார்வேன். காலையில் படித்தால் பாதி வரிகள் தப்பாக இருக்கும்.

2024 கோடையில் எங்கள் தெருவில் போர்வெல் வற்றி, டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தோம். அந்த வாரம் என் நோட்டில் எழுதும் நேரத்தோடு எழுதாத நேரத்தையும் குறித்தேன். தண்ணீர் லாரி 40 நிமிடம். கரண்ட் ஆபீஸுக்குப் போன் 15 நிமிடம். வாசலில் யாரோ, 10 நிமிடம். வாரக் கடைசியில் கூட்டினால் 13 மணி நேரம் வந்தது. என் வீட்டுக்காரரிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை, நோட்டை மட்டும் கொடுத்தேன். 13ஐ 680ஆல் பெருக்கியும் எழுதியிருந்தேன்: 8,840 ரூபாய். அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் தண்ணீர் லாரிக்காரர் நம்பரும் பிளம்பர் நம்பரும் அவர் போனுக்கு மாறின.

மாமியார் விஷயம் வேறு. நான் கதவைச் சாத்திக்கொண்டால் அவருக்கு வருத்தம், தன்னை ஒதுக்குகிறேன் என்று. அவருக்குக் கணக்குக் காட்டிப் பயனில்லை, அவர் கேட்டது வேலையை இல்லை, துணையை. அதனால் தினமும் பதினொரு மணிக்கு அவரோடு உட்கார்ந்து டீ குடிப்பது என்று வைத்துக்கொண்டேன். எந்தக் கெடு இருந்தாலும் அந்த இருபது நிமிடம் அவருக்கு. ஒரு மாதம் போயிருக்கும். பக்கத்து வீட்டம்மா வந்து கூப்பிட்டபோது வாசலில் அவர் சொல்வது உள்ளே கேட்டது: "உள்ள வேலை பாக்கறா. பதினோரு மணிக்கு வாங்க." இன்றைக்கும் எனக்கு அவர்தான் காவல்.

அதிகாலையில் எழுந்தால்தான் எழுத வருமா?

எனக்கு வரும், உங்களுக்கு வராமல் இருக்கலாம். நான் 5 மணியிலிருந்து 7 மணி வரை எழுதுகிறேன். இரவு இரண்டு மணி வரை எழுதி, காலை ஒன்பது மணிக்கு எழுந்து, ஒழுங்காக வேலையைக் கொடுக்கிற நண்பர்களும் இருக்கிறார்கள். நோட்டில் ஒரு மாதம் குறித்தால் எந்த நேரத்தில் உங்கள் கை வேகமாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில் மின்னஞ்சலைத் திறக்காதீர்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று அலாரம் வைக்கும் முறை மொழிபெயர்ப்புக்கும் பிழைதிருத்தத்துக்கும் நன்றாக உதவுகிறது. கதை எழுதும்போது எனக்கு ஒத்துவரவில்லை, வாக்கியம் பிடிபடுகிற நேரத்தில் மணி அடிக்கும்.

தட்டச்சு மெதுவாக இருக்கிறது. ஏதாவது வழி?

தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. ஆங்கில எழுத்துகளை வைத்து 'அம்மா' என்று அடிக்க ஐந்து விசை வேண்டும். தமிழ்99இல் அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, புள்ளி தானாக விழுந்துவிடும். நாள் முழுக்க அடிக்கிறவர்களுக்கு இது பெரிய மிச்சம். முதல் மூன்று வாரம் அழுகை வரும், வேகம் பாதியாகிவிடும். அதனால் வேலை குறைவாக இருக்கும் மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள். பேசினால் எழுதித்தரும் வசதியும் தமிழுக்கு வந்துவிட்டது. முதல் வரைவுக்கு நல்லது. சந்திப்பிழையும் ர, ற குழப்பமும் நாம்தான் பார்க்க வேண்டும்.

நேரில் வந்து பேசச் சொல்கிறார்கள். போக வேண்டுமா?

முதல் தடவை ஒருவரைச் சந்திக்கப் போவேன். அடுத்த தடவை போனில் பேசலாம் என்று தன்மையாகச் சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டிலிருந்து வைட்ஃபீல்டு போய் வர மூன்றரை மணி நேரம் ஆகிறது. 2023 அக்டோபரில் ஊதா நிற மெட்ரோ முழுதாக ஓடத் தொடங்கிய பிறகு மெட்ரோவில் போகிறேன், படிக்கவாவது முடிகிறது. நேரில் வரத்தான் வேண்டும் என்றால் அந்த நேரத்தையும் சேர்த்துத் தொகையைச் சொல்கிறேன். பாதிப் பேர் உடனே, "சரி மேடம், போன்லயே பேசிக்கலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

வேலையை வாங்கிக்கொண்டு பணம் தராமல் இழுத்தடித்தால்?

எனக்கு நடந்தது. பயிற்சி வீடியோக்களுக்கு வசனம் எழுதி வாங்கிய ஒரு நிறுவனம் 38,000 ரூபாய் பாக்கி வைத்தது. அவர்கள் வாய்வார்த்தையாகச் சொன்ன 'முப்பது நாள்' ஆறு மாதமானது. நான் செய்த தப்பு, எதையும் எழுதி வாங்காமல் தொடங்கியது. அந்தப் பணத்தில் பாதிதான் கடைசியில் வந்தது. மீதிக்காக எழுதிய மின்னஞ்சல்களுக்கும் போன்களுக்கும் போன நேரத்தைக் கூட்டினால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு மூன்று காரியம் செய்தேன். புதியவர் யாராக இருந்தாலும் முன்பணம் மூன்றில் ஒரு பங்கு. தொகை, கெடு, எத்தனை தடவை திருத்தித் தருவேன், எத்தனை நாளில் பணம் என்று நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல், அதற்கு அவர்கள் 'சரி' என்று பதில் எழுதிய பிறகே வேலை. மூன்றாவது, உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு. தனி ஆளாகச் சேவைத் தொழில் செய்கிறவர்களும் இணையத்தில் இலவசமாகப் பதியலாம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். 2006ஆம் வருடச் சிறுதொழில் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு தொழில்காரருக்கு ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். பில்லின் அடியில் என் உத்யம் எண்ணை அச்சிடத் தொடங்கியபின் புகார் வரை போக வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை. வேலை தொடங்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

எழுதிக் கொடுத்தது யாருக்குச் சொந்தம்?

சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எழுதினால் பொதுவாக முதலாளிக்கு. வெளியிலிருந்து எழுதிக்கொடுக்கும் கதையும் கட்டுரையும், நீங்கள் கையெழுத்துப் போட்டு மாற்றித் தராதவரை உங்களுக்குத்தான். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே 'என்றென்றும், உலகம் முழுவதும்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். விளம்பர வாசகத்துக்கு அப்படி எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கதைக்கு ஒருநாளும் கொடுக்க மாட்டேன். எழுதியவர் இறந்த பிறகும் 60 வருடம் வாழ்கிற உரிமை அது, பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டியது.

வரி?

நிறுவனங்கள் ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். அது உங்கள் பணம், கணக்குத் தாக்கல் செய்தால் வரியில் கழியும், மீதி திரும்பி வரும். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போகும். வருடத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வரி வரும் என்றால் முன்வரி கட்ட வேண்டும்: ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15ஆம் தேதி. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி. வரவில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய முறை நமக்குப் பொருந்துமா என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். அந்த முறைக்கு உரிய தொழில்களின் பட்டியலில் சினிமாவுக்குக் கதை, வசனம், பாடல் எழுதுகிறவர்கள் உண்டு, மற்ற எழுத்தாளர்கள் பெயர் நேரடியாக இல்லை. வருமானம் குறைவாக இருந்தாலும் வருடந்தோறும் தாக்கல் செய்யுங்கள். வீடு மாறும்போதும் கடன் கேட்கும்போதும் சம்பளச் சீட்டு இல்லாத நமக்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

இயந்திரமே மொழிபெயர்க்கிறதே, இனி நமக்கு வேலை இருக்குமா?

கவலை எனக்கும் உண்டு. சாதாரண வாசகங்களின் வேலை குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக, 'இயந்திரம் செய்ததைத் திருத்திக் கொடுங்கள், பாதிக் காசு' என்று வருகிறது. இதைச் சொல் கணக்கில் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். நல்ல வரைவாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும், மோசமாக இருந்தால் முதலிலிருந்து எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். மணிக் கணக்கில் மட்டும் எடுங்கள். இருபது வரி மாதிரி வாங்கிப் பார்த்த பிறகே தொகை சொல்லுங்கள்.

சொந்தமாக எழுதுவது என்ன ஆகிறது?

முதல் நான்கு வருடம் ஒன்றுமே ஆகவில்லை. எழுதுவதற்காக வேலையை விட்டவள், சொந்தமாக ஒரு பக்கம்கூட எழுதவில்லை. மற்றவர்களுடைய வாக்கியங்களைச் செய்து முடித்த பிறகு மிஞ்சியதைக் கொண்டு எழுதலாம் என்று நினைத்தேன். எதுவும் மிஞ்சவில்லை. நாள் முழுக்க 'இப்போதே வாங்குங்கள்' என்று எழுதிய கைக்கு மாலையில் வேறு மொழி வராது.

இப்போது காலை 5 முதல் 7 வரை என்னுடையது. அந்த நேரத்தை நோட்டில் குறிக்கிறேன், ஆனால் அதற்கு ரூபாய் போடுவதில்லை. என் 88 மணி நேரக் கணக்கில் அது சேராது, அந்த நேரத்தில் எந்த அவசர வேலையும் எடுப்பதில்லை. சில நாள் நான்கு வரி, சில நாள் ஒரு பக்கம். ஒன்றும் வராத நாளிலும் உட்கார்ந்திருப்பேன். இப்படி இரண்டரை வருடத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பு முடிந்தது. அதன் ராயல்டி ஒரு மாத மளிகைக்கும் காணாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் இல்லாமல் போயிருந்தால் மற்ற எட்டு மணி நேரத்தையும் என்றைக்கோ விட்டிருப்பேன்.

எவ்வளவு சேர்த்து வைத்துவிட்டு வேலையை விடலாம்?

எட்டு மாதச் செலவு. ஆறு என்று பொதுவாகச் சொல்வார்கள், இங்கே பணம் இரண்டு மாதம் தாமதமாகத்தான் வரும். மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே தனியாக எடுத்துவிடுங்கள். வீடு மாற வேண்டியிருந்தால் அதையும் முன்னாலேயே செய்யுங்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற வீட்டுக்காரர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். விடுவதற்கு முன், மூன்று மாதம் சனி, ஞாயிறுகளில் காசுக்கு எழுதிப் பாருங்கள். மாதம் 15,000 வந்தால் யோசிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வீர்களா?

செய்வதில்லை. இரண்டு தடவை மீறியிருக்கிறேன், இரண்டு தடவையும் மாமியார்தான் கணினியை மூடினார். காலையில் ரசல் மார்க்கெட்டில் காய், மாலையில் அல்சூர். வள்ளுவர் சிலைப் பக்கம் கொஞ்சம் நடப்போம். 18 வருடம் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்த சிலை அது. அங்கே பார்த்தால் கேள்வி கேளுங்கள், பதில் சொல்கிறேன். வேலை மட்டும் கொடுக்காதீர்கள், அதற்குத் திங்கட்கிழமை ஒன்பதரைக்கு மின்னஞ்சல் அனுப்பினால் போதும்.